இளவரசி கேட்ட கேள்வி

மணம் முடித்த ஆண், பெண் வீட்டில் வந்து குடியிருக்க வேண்டும். எங்கள் ஊர் காத்தான்குடியில் இதுதான் விதி. எந்தச் சுற்றறிக்கையிலும் இது கிடையாது, வர்த்தமானியிலும் வந்ததில்லை. முப்பத்தொரு வருடம் அரச சேவையில் தாபன விதிக்கோவையோடும் நிதிப் பிரமாணங்களோடும் குடித்தனம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். அவற்றில் ஒவ்வொரு விதிக்கும் ஒரு விலக்கு இருக்கும், அந்த விலக்கைக் கேட்க ஒரு படிவம் இருக்கும், அந்தப் படிவத்தை ஆறு மாதம் மேசையில் வைத்திருக்க ஓர் உத்தியோகத்தரும் இருப்பார். ஆனால் இந்த ஒரு விதிக்குப் படிவமே இல்லை. பெண் பிள்ளை பிறந்ததும் வாப்பா கல்லும் மண்ணும் சேர்க்கத் தொடங்குவார். வீடு எழும்பி முடிந்த பிறகுதான் மாப்பிள்ளை தேடுவார்கள். மாப்பிள்ளை ஒரு பெட்டியோடு வந்து சேருவார்.

யப்பானில் இருந்துகொண்டு அந்த டீவி கேமைச் செய்தவர்களுக்கு இந்த விதி தெரியாது. அதனால் எங்கள் வீட்டார் ஐந்து பேரும் பதினாறு நாள் ஓர் அரண்மனைக்குள் அகப்பட்டுக் கிடந்தோம்.

எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. ராத்தாவை, என் மூத்த சகோதரியை, கலியாணம் முடித்து மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவருக்குச் சொந்த ஊர் ஏறாவூர். கட்டாரில் ஒரு கம்பனியின் களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தார், மூன்று மாத லீவு. அவர் கொண்டுவந்த இரண்டு சூட்கேஸ்களில் ஒன்றில் உடுப்பும் வாசனைச் சவர்க்காரமும் இருந்தன. மற்றதில் துவாய்க்குள் சுற்றிய டீவி கேம் இருந்தது. அதே சூட்கேஸின் மூடிப் பையில் ஒரு கடிதமும் இருந்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு வரலாம், இரண்டு அறை குவாட்டர்ஸ் தருகிறோம் என்று கம்பனி எழுதிய கடிதம்.

அந்தக் கடிதம் இருப்பது முதல் வாரமே வீட்டில் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. ஒருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. உம்மா மட்டும் ஒருநாள் சுவரைப் பார்த்துச் சொன்னா: "ஒரு மனிசன் வேர்வ சிந்திக் கட்டின வீடு. சுண்ணாம்பு மணம் இன்னும் போகல்ல. அதப் பூட்டிப் போட்டுட்டு மணல் காட்டுல போய் இரிக்கவாம்." வாப்பா பத்திரிகையைத் திருப்பினார். ராத்தா சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு போனா. மச்சானுக்குக் கேட்டிருக்கும், நடுவில் ஒரு திரைதான். நான் உம்மாவின் பக்கம். சின்ன வயதிலிருந்தே நான் சட்டத்தின் பக்கம்.

புது மாப்பிள்ளை என்பது ஒரு பதவி. சம்பளம் உண்டு, வேலை கிடையாது. வகை வகையாகச் சாப்பாடு வரும். குசினிப் பக்கம் போகக் கூடாது, கிணற்றில் தண்ணீர் அள்ளக் கூடாது, யாரோடும் அதிகம் கதைக்கவும் கூடாது. ஐந்தாம் நாள் மச்சான் இந்த மரியாதையைத் தாங்க முடியாமல் டீவி கேமை எடுத்து ஹோலில் இருந்த எங்கள் டீவியில் பொருத்தினார். தேத்தண்ணி கொண்டுபோன நான் தட்டோடு நின்றுவிட்டேன்.

பக்கத்து வீட்டில் நான் பார்த்த கேம்களில் ஒருவன் ஓடுவான், பாய்வான், சுடுவான். இதில் ஏரிக்கரைக் கிராமம் ஒன்றில் ஒரு பையன் நின்றான். நின்றான் என்றால் நின்றான்தான். நேரமும் போனது.

"இது ஓடுற கேம் இல்ல மச்சி," என்றார் மச்சான். அவர் என்னோடு பேசிய முதல் வசனம் அது; மனைவியின் தங்கையை எங்கள் பக்கம் மச்சி என்பார்கள். "இதுல நாமதான் அந்த ஆள். ஊரூராப் போகணும், எல்லார்க்கிட்டயும் கதைக்கணும். கதச்சாத்தான் வழி தெரியும்."

கதைத்தோம். ஊரில் ஒவ்வொருவரிடமும் ஒரே ஒரு வசனம்தான் இருந்தது. எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொன்னார்கள். வடக்குக் கோபுரத்துக் கிழவன் முத்திரை வேண்டும் என்றான். முத்திரை வைத்திருப்பவன் கிழவனின் கடிதத்தைக் கேட்டான். கடிதம் எழுத மை வேண்டும், மைக்காரி தெற்கே போய்விட்டாள், எப்போது வருவாள் என்று தெரியாது. பிற்காலத்தில் மாவட்டச் செயலகமான கச்சேரியில் முதல் நியமனம் கிடைத்தபோது அங்கே எனக்கு எதுவுமே புதிதாகத் தெரியவில்லை. என்னோடு சேர்ந்தவர்கள் பயிற்சிக்குப் போய்ப் படித்ததை நான் பாயில் உட்கார்ந்து முன்னமே படித்திருந்தேன்.

இருந்தாலும் அதைப் போல ஒன்றை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. மற்றக் கேம்களில் செத்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டும், எதுவும் மிஞ்சாது. இதில் நீங்கள் பட்ட பாடு எல்லாம் அந்தப் பையனின் உடம்பில் சேரும். நேற்று ஒரு நண்டிடம் அடிவாங்கி ஓடியவன் இன்று அதே நண்டை ஒரே வெட்டில் முடிப்பான். ஒவ்வொரு படி ஏறும்போதும் ஒரு சின்னக் குழல் இசை வரும். அந்த இசைக்கு எங்கள் வீடே அடிமையானது. குசினிக்குள் இருந்து உம்மா கேட்பா: "ஏறிட்டானா?"

"ஏறிட்டான் உம்மா!"

"மாஷா அல்லாஹ். அவனுக்கு மருந்து குடுத்தீங்களா? அப்பயே சொன்னன், ரெத்தம் குறைஞ்சி கிடக்கெண்டு."

உம்மா டீவிக்கு முன்னால் வந்து உட்கார்ந்ததில்லை. அந்தப் பையனின் உடல்நிலை மட்டும் அவவுக்கு எப்போதும் தெரிந்திருந்தது.

எரிச்சல்களும் சொல்லி முடியாதவை. நாலு எட்டு வைத்தால் திரை மின்னும், நண்டோ பாம்போ வந்து நிற்கும். அடித்து முடித்து இன்னும் நாலு எட்டு, இன்னொரு பாம்பு. கிணற்றடியிலிருந்து வாசல் வரை வர அரை மணித்தியாலம். வரைபடம் கிடையாது. என் கணக்குக் கொப்பியின் கட்டங்களில் நானே வரைந்தேன். அவை எல்லாவற்றையும் விட மோசமானது சேமிக்கும் முறை. கசட்டுக்குள் ஒரு சின்ன பற்றறி இருந்தது, விளையாடியது அதில் பதிவாகும். ஆனால் நிறுத்தும்போது ஒரு பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டுதான் கரண்டை நிறுத்த வேண்டும். பிடிக்காவிட்டால் அன்றைய உழைப்பு முழுவதும் போகும். இது கைநூலின் ஆறாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. எங்கள் ஊர் மின்சாரம் அந்தக் கைநூலைப் படித்திருக்கவில்லை. ஆகவே பொத்தானுக்குப் பக்கத்தில் நான் நியமிக்கப்பட்டேன். மின்குமிழ் மங்கினால் அமுக்க வேண்டும். என் வாழ்க்கையில் நான் வகித்த முதல் பதவி அது. ஒரு தடவைதான் தவறினேன். உம்மா ஸ்திரிக்கைப் பெட்டியைச் செருகிய வேகத்தில் பியூஸ் போனது. ஒரு நாள் முழுவதும் திரட்டிய மை, முத்திரை, கடிதம் மூன்றும் போயின. நான் அழுதேன். மச்சான் சிரித்தார். "சரி மச்சி, வழி தெரியும்தானே. திரும்பப் போவம்."

ராத்தா முதலில் திரைச்சீலைக்குப் பின்னால் நின்றா. பிறகு கதவு நிலையில் சாய்ந்தா. ஒருநாள் நாங்கள் இருவரும் உப்புக் குகைக்குள் மூன்றாவது தடவையாக வழி தவறி, கொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தோம். பின்னாலிருந்து குரல் வந்தது: "வலப் பக்கம். அந்த உடைஞ்ச தூணுக்குப் பின்னால ஒரு வாசல் இரிக்கி."

மச்சான் வலப் பக்கம் போனார். வாசல் இருந்தது.

"எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

"முந்தநாள் நீங்க அதால ஓடி வந்தீங்க. பாம்பு துரத்தக்குள்ள." ராத்தா அதற்குள் திரைக்குப் பின்னால் போய்விட்டா.

மாப்பிள்ளையும் பெண்ணும் எங்கள் முன்னால் பேசிக்கொண்ட முதல் வார்த்தைகள் ஒரு பாம்பைப் பற்றியவை. மறுநாள் ராத்தா பாயின் ஓரத்தில் உட்கார்ந்தா. அதற்கு மறுநாள் நடுவில். என் கட்டக் கொப்பிக்கு வேலை போய்விட்டது. ஒரு தடவை பார்த்த வழியை ராத்தா மறக்கவே மாட்டா. மச்சான் அடிப்பார், ராத்தா வழி சொல்லுவா, நான் பொத்தான். வாப்பா பின்னால் கதிரையில் இருந்து, "மருமகன், அந்தப் பச்சைப் பாம்ப நம்பாதீங்க," என்பார். பச்சைப் பாம்பை யாரும் நம்பியிருக்கவில்லை.

கலியாணமாகி இரண்டாம் மாதம் கடைசியில் உப்புக் கோட்டையின் உச்சிக்கு ஏறி அங்கே சிறையிருந்த இளவரசியை மீட்டோம். அன்று பின்னேரம் எங்கள் வீட்டில் எழுந்த சத்தத்துக்குப் பக்கத்து வீட்டுக்காரர் மதிலால் எட்டிப் பார்த்தார். இளவரசியை அவளுடைய அரண்மனைக்குக் கூட்டிப்போனோம். அரசன் சிங்காசனத்திலிருந்து இறங்கி வந்தான், மணிகள் அடித்தன, பூ கொட்டியது, இருவருக்கும் கலியாணம் நடந்தது. உம்மா கையைத் துடைத்துக்கொண்டு குசினி வாசல் வரை வந்து எட்டிப் பார்த்தா. பிறகு உள்ளே போய் ஒரு தட்டில் இனிப்புத் தொதல் துண்டுகள் கொண்டுவந்து வைத்தா. "கலியாண வீடுதானே," என்றா.

அரசன் சொன்னான்: போய் வா மகனே, உலகம் உன்னை எதிர்பார்க்கிறது.

எங்களில் யாருக்கும் இதில் சந்தேகமே வரவில்லை. மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்தாயிற்று. மாமனார் காலையில் மருமகனை வேலைக்கு அனுப்புகிறார். எல்லா வீட்டிலும் நடப்பது. எங்கள் ஆள் காலையில் அரண்மனை வாசலால் போய்ப் பாம்புகளை அடித்துவிட்டுப் பின்னேரம் அரண்மனைக்குத் திரும்பினான். இரவு தூங்கினான். காலையில் அரசன் அதையே சொன்னான். படிகள் ஏறிக்கொண்டிருந்தன, கதை ஏறவில்லை. தீவுக்குள் ஒளிந்திருக்கும் கடைசிப் பகைவனிடம் போகப் படகு வேண்டும். படகு எங்கேயும் இல்லை. அரண்மனையின் ஒவ்வொரு சுவரையும் தட்டினோம். சமையற்காரனிடம் கதைத்தோம். கோழியிடமும் கதைத்தோம்.

ஒன்றை மட்டும் செய்யவில்லை. இளவரசியைக் கூட்டிக்கொண்டு வெளியே போனால் பாலத்தடியில் அவள் நின்று ஒரு கேள்வி கேட்பாள்: உங்கள் ஊருக்குப் போகிறோமா? கீழே இரண்டு சொற்கள் தோன்றும், ஓம், இல்லை. முதல் தடவை அது வந்தபோது நான் ஆங்கிலத்தைத் தமிழில் மொழிபெயர்த்துச் சொன்னேன். குசினிக்குள் பாத்திரச் சத்தம் நின்றது.

மச்சானைப் பார்த்தேன். எதிர்ப்பட்ட எல்லாவற்றையும் அமுக்கிப் பார்க்கும் மனிதர் அவர். விஷம் என்று எழுதியிருந்த போத்தலையே குடித்துப் பார்த்தவர். அவர் ஜோய்ஸ்டிக்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரையில் அம்புக்குறி ஓம் என்ற சொல்லில் நின்றது, அவருடைய பெருவிரல் அமுக்கவில்லை. பிறகு அதை என்னிடம் நீட்டினார். "நீங்க அமுக்குங்க மச்சி."

நான் இல்லை என்பதை அமுக்கினேன். அதுதானே முறை.

"நல்ல புள்ள," என்று உம்மாவின் குரல் வந்தது. பாத்திரச் சத்தம் மறுபடி தொடங்கியது.

பதினாறு நாளில் அந்தப் பாலத்தடிக்கு எத்தனை தடவை போனோமோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் இளவரசி கேட்டாள், மச்சான் ஜோய்ஸ்டிக்கை நீட்டினார், நான் சட்டத்தை நிறைவேற்றினேன். ஒரு தடவை ராத்தா மெதுவாகச் சொன்னா, "ஓம் எண்டு அமுக்கித்தான் பாரன் புள்ள."

"சும்மா இரிகா," என்றா உம்மா உள்ளே இருந்து. "பொம்புளப் புள்ள, அவ்வளவு பெரிய வீட்ட உட்டுட்டு எங்க போற?"

"கேம்தானே உம்மா."

"கேமெண்டாலும் வீடு வீடுதான்."

மச்சானின் லீவு முடிய ஒரு வாரம் இருந்தது. முடிவைப் பார்க்காமல் அவர் போய்விடுவாரே என்பதுதான் என் கவலை. அதைத் தவிர வேறு கவலை அந்த வீட்டில் யாருக்காவது இருக்கலாம் என்று எனக்குத் தோன்றவே இல்லை. கைநூலின் பின்னட்டையில் கம்பனியின் விலாசம் இருந்தது. முறைப்படி எழுதினேன்: ஐயா, இளவரசியின் திருமணம் நிறைவேறிய பின் மேற்கொள்ள வேண்டிய நடவடிக்கை யாது? விரைவில் அறியத் தரவும். இது ஆங்கிலத்தில். மச்சான் இரண்டு இடத்தில் திருத்தினார், சிரிக்காமல். தபாற்கந்தோருக்கு நானே கொண்டுபோய்ப் போட்டேன். பதில் நாலு நாளில் வரும் என்று எதிர்பார்த்தேன். அரச சேவையில் சேருமுன் எனக்கிருந்த கடைசி மூடநம்பிக்கை அது.

மச்சான் புறப்பட மூன்று நாள் இருக்கையில், ஒரு பின்னேரம், வழமை போலப் பாலத்தடிக்கு வந்தோம். வாப்பா கதிரையில் இருந்தார். உம்மா குசினி வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தா. இளவரசி கேட்டாள். மச்சான் ஜோய்ஸ்டிக்கை என் பக்கம் நீட்டினார். இடையில் ஒரு கை வந்து அதை வாங்கியது.

ராத்தா பாயை விட்டு எழும்பவில்லை, யாரையும் பார்க்கவும் இல்லை. திரையைப் பார்த்தபடி ஓம் என்பதை அமுக்கினா. பிசகி அமுக்கியதாக யாரும் சொல்ல முடியாதபடி, நல்ல அழுத்தமாக.

"ராத்தா!" என்று நான் கத்தினேன். "முறை இல்ல!"

அதற்குமேல் கத்த எனக்கு நேரம் கிடைக்கவில்லை. நாங்கள் ஒருநாளும் கேட்டிராத இசை வந்தது. பாலம் தாண்டியது, காடு தாண்டியது, ஒரு பாம்பும் குறுக்கே வரவில்லை. ஏரிக்கரைக் கிராமம், நாங்கள் தொடங்கிய அதே கிராமம். பையனின் உம்மா வாசலுக்கு வந்து இளவரசியின் தலையைத் தடவினாள். சங்கொன்றைக் கையில் கொடுத்தாள். அதை ஊதியதும் தூரத்தில் ஒரு வெள்ளைப் பாய் தெரிந்தது. படகு! நான் துள்ளினேன், பொத்தானை மறந்தேன். வாப்பா கதிரையை விட்டு எழும்பி, "வருகுது, வருகுது," என்றார், கரையில் உண்மையாகவே நிற்பவர் போல. மச்சான் படகைப் பார்க்கவில்லை, ராத்தாவைப் பார்த்துக்கொண்டிருந்தார். கேம் விளையாடத் தெரியாத மனிதர் என்று நினைத்துக்கொண்டேன்.

உம்மா சுளகை வைத்துவிட்டு உள்ளே போனா. அன்று குழல் இசை மூன்று தடவை வந்தது. குசினியிலிருந்து யாரும் எதுவும் கேட்கவில்லை.

அடுத்த நாள் நடுக்கடலில் புயல் பிடித்தது. படகு சுழன்றது, இடி இடித்தது, மருந்து முடிந்துவிட்டது. ராத்தா "இடக்குப் பக்கம், இடக்குப் பக்கம்" என்று கத்தினா. மச்சான் வியர்த்துப்போயிருந்தார். நான் இரண்டு கையாலும் பொத்தானைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அப்போது உள்ளே இருந்து உம்மா கேட்டா:

"கரையேறிட்டாங்களா?"

"இன்னும் இல்ல மாமி," என்றார் மச்சான். "ஏறிடுவம்."

அவர் புறப்படும் அன்று காலை பத்து மணிக்குக் கடைசிப் பகைவன் விழுந்தான். வாசலில் வேன் ஹோன் அடித்துக்கொண்டிருந்தது. நாங்கள் ஐந்து பேரும், உம்மா உட்பட, டீவிக்கு முன்னால் நின்று யப்பானியப் பெயர்கள் மேலே போவதைப் பார்த்தோம். சாரதியும் உள்ளே வந்து பார்த்தார். மச்சான் தனியாகத்தான் போனார். ஐந்து மாதம் கழித்து ராத்தாவுக்கு விசா வந்தது. உம்மாவே பாஸ்போர்ட்டுக்குப் படம் பிடிக்கக் கூட்டிப்போனா, உம்மாவே சீலைகளை மடித்து வைத்தா. ராத்தா போன பிறகு வீட்டின் முன்பகுதி பூட்டிக் கிடந்தது. எங்கள் பெரியம்மா, உம்மாவின் மூத்த சகோதரி, கிழமைக்கு ஒரு தடவை வந்து அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டுப் போனா. "ஊர்ல இல்லாத வழக்கம். கட்டின வீட்ட காத்துக்கு உட்டுட்டு, புள்ளய ஆரும் அனுப்புவாங்களா? நீ ஓம் எண்டு தலையாட்டினியாம்." உம்மா அவவுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பா. வேறொன்றும் சொல்ல மாட்டா.

அப்படி ஒருநாள் பெரியம்மா வந்து போன பின்னேரம் தபால்காரர் வெளிநாட்டு முத்திரை குத்திய ஒரு கடித உறையை நீட்டினார். விலாசத்தில் என் பெயர். நான் ஓடிக்கொண்டே கிழித்தேன். ஒரே தாள், வாசிக்க முடியாத ஒரு கையொப்பம், தாமதத்துக்கு வருத்தம், பிறகு இரண்டே வசனம். கேம் முடிந்து ஏழு மாதம். நடவடிக்கை எடுத்து முடிந்த கோப்புக்கு ஆலோசனை வந்திருந்தது. அதற்காக என் சந்தோசம் குறையவில்லை. யப்பான் எனக்குப் பதில் எழுதியிருந்தது! உம்மாவைப் பிடித்து உட்காரவைத்து வாசித்து, தமிழில் சொன்னேன். இளவரசி கேட்கும்போது ஓம் என்று சொல்லுங்கள். இல்லை என்றால் அவள் திரும்பத் திரும்பக் கேட்பாள்.

"இன்னொருக்காச் சொல்லு," என்றா உம்மா.

சொன்னேன்.

"ஓம் எண்டு சொல்லாட்டி?"

"சொல்லாட்டி அங்கனயே நிக்கும் உம்மா. முன்னால போகாது."

"அப்பிடியா எழுதியிரிக்காங்க? கேமச் செஞ்ச ஆக்களே?"

"ஓம். சைனும் வெச்சிரிக்காங்க."

மூன்றாம் தடவையும் வாசிக்கச் சொன்னா. முடிந்துபோன கேம் ஒன்றில் உம்மாவுக்கு இவ்வளவு பிந்தி அக்கறை வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. சிரித்தும் விட்டேன். உம்மா தாளை என் கையிலிருந்து வாங்கி, நெஞ்சுக்கு நேரே பிடித்துக்கொண்டு, தனக்குத் தெரியாத எழுத்துக்களை மேலிருந்து கீழாக ஒரு தடவை பார்த்தா. பிறகு அலுமாரியைத் திறந்து, வீட்டு உறுதிப் பத்திரம் வைத்திருந்த தகரப் பெட்டியை எடுத்தா.

"அத ஏன் உம்மா அதுக்குள்ள?" என்று கேட்டேன்.

"கிடக்கட்டும்," என்றா.

பெட்டிக்குள் போகுமுன் அதைத் திருப்பி வாங்கி, வலப் பக்க மேல் மூலையில் பென்சிலால் நான் எழுதினேன்: கிடைத்தது, ஓகஸ்ட் ஒன்பது.